மூன்று தம்பிடியில் போட்ட தண்டவாளம்

வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளி வரை செல்லும் 37 கிலோமீட்டர் ரயில் பாதையைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தோம். 2004இல் மூடப்பட்ட அந்தப் பாதை 2023 ஏப்ரலில் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது என்பதையும், ரயிலில் கூட்டம் சேரவில்லை என்ற பேச்சு எழுந்திருப்பதையும் அதில் சொல்லியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்தப் பாதைக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பகுதி ரயில் பாதையை வெள்ளைக்காரக் கம்பெனி போடவில்லை, விவசாயிகளிடம் வரி வாங்கி ஜில்லா போர்டுதான் போட்டது என்று என் பாட்டனார் சொல்வார். இது உண்மையா, ஊர்ப்பெருமைக்குச் சொன்னதா? – வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: உங்கள் பாட்டனார் சொன்னது முழு உண்மை. தஞ்சை மாவட்டத்தில் முதலில் வந்த ரயில், நாகப்பட்டினத்தையும் திருச்சியையும் இணைத்த பாதை. அதை அமைத்தது இங்கிலாந்தில் பங்கு திரட்டிய கம்பெனி. போட்ட முதலுக்கு ஆண்டுக்கு ஐந்து சதவீத வட்டி கிடைக்கும் என்று அரசு உறுதி கொடுத்திருந்ததால், ரயில் லாபத்தில் ஓடினாலும் நஷ்டத்தில் ஓடினாலும் லண்டனில் இருந்த பங்குதாரருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. குறைந்ததை ஈடுகட்டியது இந்திய வரிப்பணம்.

மாயவரத்திலிருந்து, அதாவது இன்றைய மயிலாடுதுறையிலிருந்து, தெற்கே சென்ற பாதையின் கதை வேறு. மாவட்டத்துக்குள் கிளைப் பாதை போடுவதற்கென்றே நிலத்தின் மீது, வழக்கமான நிலத் தீர்வைக்கும் சாலை வரிக்கும் மேலாக, ரூபாய்க்கு மூன்று தம்பிடி வீதம் தனியாக ஒரு மேல்வரியை, அந்நாளைய மாவட்ட உள்ளாட்சி அமைப்பான தஞ்சாவூர் ஜில்லா போர்டு விதித்தது. அந்நாளில் பன்னிரண்டு தம்பிடி சேர்ந்தால் ஓர் அணா, பதினாறு அணா சேர்ந்தால் ஒரு ரூபாய். ஆகவே மூன்று தம்பிடி என்பது ரூபாயில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. ஒரு குடியானவனுக்கு அது சிறு தொகையாகத் தோன்றலாம், ஆனால் காவிரிப் பாசனத்தில் விளைந்த நிலம் முழுவதிலும் ஆண்டுதோறும் வசூலித்தபோது அது ரயில் பாதை போடும் அளவுக்குச் சேர்ந்தது. மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 54 மைல் நீள மீட்டர் கேஜ் பாதை 1894இல் திறக்கப்பட்டது. பிறகு அது பட்டுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் நீண்டது. சுதந்திரத்துக்குப் பின் காரைக்குடியைத் தொட்டது. திருத்துறைப்பூண்டியில் பிரிந்து வேதாரண்யம் போகும் கிளையும், நீடாமங்கலத்தில் பிரிந்து மன்னார்குடி போகும் கிளையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. வேதாரண்யம் கிளை ஒரு காலத்தில் கோடியக்கரை வரைகூடச் சென்றது.

உடைமை போர்டுக்கு, ஓட்டியது மட்டும் தென்னிந்திய ரயில்வே கம்பெனி. தஞ்சையைப் பார்த்து மற்ற ஜில்லா போர்டுகளும் இதே வழியில் இறங்கின. 1915இல் வந்த போத்தனூர்–பொள்ளாச்சி பாதை கோயம்புத்தூர் போர்டுடையது. 1923இல் வந்த திருநெல்வேலி–திருச்செந்தூர் பாதை திருநெல்வேலி போர்டுடையது. ரயில் என்பது யாரோ மேலேயிருந்து கொடுப்பது என்று இன்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். ஓர் உள்ளாட்சி அமைப்பு தன் ஊர்மக்களிடம் வரி வாங்கி, தன் பெயரில் ரயில் பாதையை வைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது என்பதை நம் பள்ளிப் பாடநூல்கள் ஒரு பத்தியிலாவது சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம்.

கேள்வி: அப்படியானால் அந்தப் போர்டின் ரயில் இப்போது யாருடையது? – வாசகி, முத்துப்பேட்டை

பதில்: இந்திய அரசுடையது. தென்னிந்திய ரயில்வேயை 1944இல் அரசே ஏற்றது. 1951 ஏப்ரலில் அது மற்ற இரு ரயில்வேக்களோடு சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது. ஜில்லா போர்டு என்ற அமைப்பும் 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பின் மறைந்துவிட்டது. முன்பு பாதையின் வரவுசெலவை மாவட்டத்துக்குள்ளேயே ஒரு போர்டு கூட்டத்தில் கேட்க முடிந்தது. அதன் பிறகு அந்தக் கேள்வியைத் திருச்சிக் கோட்டத்திலும், சென்னைத் தலைமையகத்திலும், டெல்லியிலும் கேட்க வேண்டியதாயிற்று.

கேள்வி: கிளைப் பாதைகள் எல்லாமே நஷ்டம் என்று ரயில்வே அதிகாரிகள் சொல்கிறார்கள். நஷ்டத்தில் ஓடும் ஒன்றை ஏன் மக்கள் பணத்தில் வைத்திருக்க வேண்டும்? – வாசகர், பேராவூரணி

பதில்: நேர்மையான கேள்வி. நஷ்டம் என்பது பொய் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த நஷ்டத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புக்கு வருவோம்.

அகஸ்தியம்பள்ளியில் ஏறிச் சென்னை வரை செல்லும் பயணி ஒருவர் 350 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்கிறார். அவர் கொடுக்கும் கட்டணத்தில் கிளைப் பாதையின் கணக்கில் சேருவது 37 கிலோமீட்டருக்குரிய பங்கு மட்டுமே. மீதி முழுவதும் பிரதானப் பாதையின் வருமானமாகிவிடுகிறது. கிளைப் பாதை இல்லையென்றால் அந்தப் பயணி திருத்துறைப்பூண்டிவரை பேருந்தில் வந்து ரயில் ஏறுவார் என்பது ஏட்டுக் கணக்கு. பெட்டியும் குழந்தையுமாகப் பேருந்தில் ஏறியவர் அதே பேருந்திலோ அடுத்த பேருந்திலோ சென்னைவரை போய்விடுவார் என்பதுதான் நடைமுறை. அவரோடு 350 கிலோமீட்டர் வருமானமும் போகிறது; அந்த இழப்பு எந்தக் கிளைப் பாதையின் பெயரிலும் எழுதப்படுவதில்லை. வாய்க்காலில் வரும் தண்ணீரை அளந்து பார்த்து, இது போதாது என்று வாய்க்காலைத் தூர்த்துவிட்டால், ஏரி ஏன் வற்றியது என்று பிறகு யாரிடம் கேட்பது?

செலவுப் பக்கமும் அப்படித்தான். ஒரு நாளில் இரண்டு ரயில் ஓடினாலும் பத்து ரயில் ஓடினாலும் தண்டவாளத்தைச் சோதிக்க வேண்டும், பாலத்தைப் பார்க்க வேண்டும், லெவல் கிராசிங்கில் ஆள் இருக்க வேண்டும். செலவில் பெரும்பகுதி ரயில்களின் எண்ணிக்கையைப் பொறுத்து ஏறுவதோ இறங்குவதோ இல்லை. ஆகையால் கூட்டமில்லை என்று ரயில்களைக் குறைத்தால் செலவு அதிகம் குறையாது, வருமானம் மட்டும் குறையும். அதைக் காட்டி இன்னும் ஒரு ரயிலைக் குறைப்பார்கள். பல கிளைப் பாதைகள் இந்தச் சுழலில்தான் மூழ்கின.

1969இல் ரயில்வே அமைச்சகம் லாபம் தராத கிளைப் பாதைகளை ஆராய்வதற்கென்றே ஒரு குழுவை அமைத்தது. நஷ்டம் என்று முத்திரை குத்தப்பட்ட பாதைகள் பலவும் அப்போது மூடப்படாமல் தப்பியதற்குக் காரணம், மாநில அரசுகள் மூடுவதற்கு ஒப்பாததே. ஒப்பாத அரசுகள் செய்தது சரி என்றே நான் கருதுகிறேன். ஊரிலிருந்து நெடுஞ்சாலைக்குப் போகும் இணைப்புச் சாலையைத் தனியாக லாபம் காட்டச் சொல்லி எந்த அரசும் கேட்பதில்லை. இணைப்பு ரயில் பாதையிடம் மட்டும் அதைக் கேட்பது நியாயமாகாது.

கேள்வி: மீட்டர் கேஜை அகலப் பாதையாக மாற்ற 19 ஆண்டுகளா? தொழில்நுட்பக் காரணம் ஏதாவது இருக்கிறதா, அலட்சியம்தானா? – வாசகர், தோப்புத்துறை

பதில்: தொழில்நுட்பக் காரணம் கொஞ்சம் உண்டு. மீட்டர் கேஜில் தண்டவாளங்களுக்கு இடையே ஆயிரம் மில்லிமீட்டர். அகலப் பாதையில் 1,676. வித்தியாசம் முக்கால் மீட்டர்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் கனமான வண்டியைத் தாங்க மண்கரையை அகலப்படுத்திக் கெட்டிப்படுத்த வேண்டும், பாலங்களைப் புதிதாகக் கட்ட வேண்டும், நடைமேடைகளை உயர்த்த வேண்டும். உங்கள் பகுதி காவிரிப் பாசனத்தின் கடைமடை. ஆறும் வடிகாலும் வாய்க்காலுமாகப் பாதையைக் குறுக்கே வெட்டிச் செல்கின்றன. களிமண் பூமி என்பதால் கரைக்கு ஏற்ற மண்ணையும் கருங்கல் ஜல்லியையும் வெளியூரிலிருந்து கொண்டுவர வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்ததும் உங்கள் கடற்கரையில்தான்.

இவ்வளவையும் சேர்த்துக் கூட்டினாலும் ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேல் நியாயம் சொல்ல முடியாது. மீதி ஆண்டுகளைத் தின்றது நிதி ஒதுக்கீடு. 1992இல் ஒரே அளவுப் பாதை என்ற கொள்கை வந்தபோது நாடெங்கும் ஏராளமான பாதைகள் வரிசையில் நின்றன. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவது என்றில்லாமல், பல பாதைகளை ஒரே நேரத்தில் மூடிவிட்டு ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்குக் கொஞ்சம் என்று பணத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். கிளைப் பாதைக்கு வந்தது பந்தியின் கடைசி இலை. மதுரை–போடி பாதை 2010 இறுதியில் மூடப்பட்டது. தேனிவரை ரயில் வர 2022 ஆயிற்று, போடிக்கு வர 2023 ஜூன் ஆயிற்று. 1928இல் திறந்த அந்தப் பாதை உலகப்போரின்போது தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950களில்தான் மீண்டும் போடப்பட்டது. போர்க்கால இடைவெளிக்கும் அமைதிக்கால இடைவெளிக்கும் நீளத்தில் வேறுபாடு இல்லாமல் போனது மிகுந்த வேதனைக்குரியது.

பாதை திறந்துவிட்டால் துன்பம் தீர்ந்துவிடுவதும் இல்லை. நீங்கள் கேட்டதற்குச் சற்று வெளியே போனாலும் இதைச் சொல்லியாக வேண்டும். பழைய ஜில்லா போர்டுப் பாதையின் முதுகெலும்பான திருவாரூர்–காரைக்குடி பகுதி, 149 கிலோமீட்டர், 2012இல் மூடப்பட்டு 2019 ஜூன் முதல் தேதி முழுமையாகத் திறக்கப்பட்டது. அப்போது விடப்பட்ட டெமு ரயில் (டீசலில் ஓடும் குறுந்தூரப் பயணிகள் ரயில்) அந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டது. எழுபதுக்கும் மேற்பட்ட லெவல் கிராசிங்குகளுக்குக் கேட் கீப்பர்கள் நியமிக்கப்படவில்லை என்பதுதான் காரணம். கேட் கீப்பர்கள் ரயிலிலேயே வந்தார்கள். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னும் ரயில் நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கி நடந்துபோய்ச் சாலையின் இருபுறமும் கேட்டைச் சாத்திப் பச்சைக்கொடி காட்டுவார். ரயில் மெல்லக் கடந்து மறுபடி நிற்கும். பின்னால் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். அதன் பிறகு ரயில் புறப்படும். அடுத்த கேட் இரண்டு கிலோமீட்டரில் இருக்கும். வெயிலில் இப்படி எழுபது தடவை இறங்கி ஏறிய அந்த ஊழியர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் செலவில் பாதையைப் போட்டுவிட்டு, கேட்டுக்கு ஆள் போடாமல் ரயிலைத் திறந்துவைத்த முடிவைத்தான் குறை சொல்ல வேண்டும். ஏழு ஆண்டுகள் பேருந்துக்குப் பழகிவிட்டவர் ஆவலோடு ஒருநாள் ரயிலேறி, ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தால், மறுநாள் எதில் போவார்?

கேள்வி: மன்னார்குடிக் கிளையும் எங்களுடையதைப் போலக் குட்டிக் கிளைதான். அங்கே கூட்டம் அலைமோதுகிறது, இங்கே காலியாக ஓடுகிறது. அரசியல் செல்வாக்கு என்கிறார்கள். உங்கள் கருத்து? – வாசகி, வேதாரண்யம்

பதில்: மக்கள் பிரதிநிதிகள் விடாமல் கேட்டதற்கு அங்கே பங்கு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கிடைத்த பாதையை என்ன செய்தார்கள் என்பதில்தான் நீங்கள் தேடும் விடை இருக்கிறது.

நீடாமங்கலம்–மன்னார்குடி கிளை பதின்மூன்று கிலோமீட்டர்தான். 1970களில் ரயில் நிறுத்தப்பட்டது. ஒரு தலைமுறை முழுவதும் ரயிலைப் பார்க்காமலே வளர்ந்தது. அகலப் பாதையாகப் புதிதாகப் போட்டு 2011 செப்டம்பரில் திறந்தபோது அங்கே விடப்பட்ட முதல் ரயில் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையே போய்வரும் வண்டியாக இருக்கவில்லை. இரவில் ஏறினால் காலையில் சென்னையில் இறக்கிவிடும் மன்னை எக்ஸ்பிரஸாக இருந்தது. பிறகு கோயம்புத்தூருக்குச் செம்மொழி எக்ஸ்பிரஸ் வந்தது, திருப்பதிக்குப் பாமணி எக்ஸ்பிரஸ் வந்தது, ராஜஸ்தானில் ஜோத்பூர் அருகேயுள்ள பகத் கி கோட்டிக்கு வாராந்தர ரயிலும் வந்தது. பதின்மூன்று கிலோமீட்டர் கிளையின் நுனியில் உட்கார்ந்திருப்பவர் வண்டி மாறாமல் நாட்டின் மறுகோடிக்குப் போகலாம்.

அகஸ்தியம்பள்ளிக்குத் தொடக்கத்தில் கிடைத்தது திருத்துறைப்பூண்டியோடு நின்றுவிடும் டெமு சேவை. திருத்துறைப்பூண்டியில் இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும் என்றால், வேதாரண்யத்துக்காரர் எதற்காக ரயிலுக்கு வர வேண்டும்? நாகப்பட்டினத்துக்கும் திருவாரூருக்கும் பேருந்து வீட்டு வாசலிலிருந்து போகிறது. கிளைப் பாதைக்குப் பேருந்தோடு போட்டியிட 37 கிலோமீட்டரில் இடமில்லை. முந்நூறு கிலோமீட்டரில் உண்டு. முன்பதிவு செய்த படுக்கையில் குழந்தையைப் படுக்கவைத்துக்கொண்டு சென்னை போகலாம் என்றால் மக்கள் கட்டாயம் வருவார்கள். ஒரே மண், ஒரே போர்டு வரியில் பிறந்த இரண்டு கிளைகள். ஒன்றுக்கு நேரடி ரயில் கொடுத்தார்கள், மற்றொன்றுக்கு இணைப்பு ரயில் கொடுத்தார்கள். இரண்டின் விதியும் அந்த இடத்தில் பிரிந்தது என்பதே என் முடிவு.

பிரதானப் பாதையிலும் இதற்குச் சான்று இருக்கிறது. மீட்டர் கேஜ் காலத்தில் கம்பன் எக்ஸ்பிரஸ் சென்னையிலிருந்து பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாகக் காரைக்குடி சென்றதை ஐம்பது வயதைக் கடந்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். பாதை முடிந்து, கேட்டுகளுக்கு ஆள் வந்து, வேகம் கூடிய பிறகு, 2025 ஏப்ரலில் தாம்பரம்–ராமேஸ்வரம் தினசரி ரயில் அதே தடத்தில் விடப்பட்டது. ஆறு மணி நேர டெமுவைக் காட்டி இங்கே யார் ரயிலில் போகிறார்கள் என்று கேட்டவர்கள் இந்த ரயிலின் முன்பதிவுப் பட்டியலைப் பார்க்கட்டும்.

கேள்வி: பாதையைத் திறந்தபோது உப்பு ஏற்றுமதி பெருகும் என்றார்கள். உப்பு இன்னும் லாரியில்தான் போகிறது. ஏன்? – உப்பளத் தொழிலாளர், அகஸ்தியம்பள்ளி

பதில்: 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்தே வந்த தொண்டர்கள் உப்பு அள்ளிய மண் உங்களுடையது. திறப்பின்போது 294 கோடி ரூபாய்ச் செலவுக்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் முதலாவது, உணவு உப்பும் தொழிற்சாலை உப்பும் இந்தப் பாதையில் போகும் என்பதே.

இடையில் மாறியது சரக்கு ஏற்றும் முறை. மீட்டர் கேஜ் காலத்தில் ஒரு வியாபாரி ஒரே ஒரு வேகனைக் கேட்டு வாங்கலாம். மூட்டையை ஏற்றிச் சீல் வைத்துவிட்டால், அந்த வேகனை ஏதாவது ஒரு வண்டியில் கோத்துச் சந்திப்புக்குச் சந்திப்பு மாற்றி, மெதுவாகவேனும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். அப்படி ஒவ்வொரு வேகனாகப் பிரித்துக் கோப்பதில் காலமும் ஆளும் வீணாகின்றன என்று ரயில்வே அந்த முறையைக் கைவிட்டு, முழு ரேக்காக ஏற்றினால்தான் சரக்கு என்ற நிலைக்கு வந்துவிட்டது. மூடிய வேகன்கள் நாற்பதுக்கு மேல் கொண்ட ஒரு ரேக்குக்கு ஏறத்தாழ 2,500 டன் வேண்டும். அதுவும் குறித்த சில மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும், தாமதித்தால் அபராதம். சில ஏக்கர் உப்பளம் வைத்திருக்கும் சிறு உற்பத்தியாளர் 2,500 டன்னுக்கு எங்கே போவார்? பாத்தி ஓரத்திலேயே வந்து நின்று பத்துப் பதினைந்து டன் ஏற்றிக்கொண்டு, வாங்குபவர் கடை வாசலிலேயே இறக்கிவிடும் லாரியைத்தான் அவர் நாடுவார்.

இதற்கு வழி இல்லாமலில்லை. சிறு உற்பத்தியாளர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, நிலையத்தை ஒட்டி மழை படாத கிடங்கில் உப்பைச் சேர்த்துவைத்து, ரேக் வந்ததும் ஏற்றலாம். கிடங்கையும், லாரி வந்து திரும்பத் தக்க சாலையையும், மழைநீர் தேங்காத ஏற்றுமேடையையும் அமைத்துத் தர வேண்டியது ரயில்வேயும் மாநில அரசும். பாதைக்கு 294 கோடி கொடுத்தவர்கள் கிடங்குக்குச் சில கோடி கொடுக்கத் தயங்கினால், முதலில் போட்ட பணமும் வெயிலில் கிடக்கும் தண்டவாளமாகத்தான் இருக்கும்.

கேள்வி: நாங்கள் மனுக் கொடுப்பதாக இருந்தால் என்ன கேட்க வேண்டும்? எல்லாவற்றையும் கேட்டால் ஒன்றும் கிடைக்காது என்பது எங்கள் அனுபவம். – பயணிகள் நலச் சங்கத்தினர், நெய்விளக்கு

பதில்: இரண்டே இரண்டு கேளுங்கள். முதலாவது, வாரத்தில் ஒரு நாளாவது அகஸ்தியம்பள்ளியில் புறப்பட்டு, வண்டி மாறாமல் மறுநாள் காலை சென்னையில் சேரும் இரவு ரயில். தனி ரயில் முடியாது என்றால், திருத்துறைப்பூண்டி வழியாகச் செல்லும் ரயிலில் இரண்டு பெட்டிகளையாவது உங்கள் கிளைக்கென்று கேளுங்கள். அப்படிப் பெட்டி கழற்றிக் கோக்கும் வழக்கம் முன்பு பல சந்திப்புகளில் இருந்ததுதான். இரண்டாவது, காலையில் புறப்படும் டெமு ரயில் திருத்துறைப்பூண்டியோடு நின்றுவிடாமல் திருவாரூர் வரை சென்று, அலுவலகமும் கல்லூரியும் தொடங்கும் முன் அங்கே சேர வேண்டும். மாலையில் அவை முடிந்த பின் அங்கிருந்து புறப்பட வேண்டும். மனுவோடு, எந்தெந்த ஊரிலிருந்து எத்தனை மாணவர்களும் ஊழியர்களும் தினமும் திருவாரூர் போகிறார்கள் என்று நீங்களே ஒரு வாரம் பேருந்து நிறுத்தங்களில் நின்று எண்ணிய பட்டியலை இணையுங்கள். கோரிக்கை மட்டும் உள்ள மனு கோப்பில் தங்கிவிடும். எண்ணிக்கை உள்ள மனுவுக்கு அதிகாரி ஏதாவது ஒரு பதில் எழுதியே ஆக வேண்டும். பட்டியல் தயாரானதும் ஒரு பிரதியை எங்களுக்கும் அனுப்புங்கள். அடுத்த இதழில் முழுமையாக வெளியிடுகிறோம்.